கபுகி பார்க்கப் போகும் மருமகளுக்கு



உன் கடிதம் கிடைத்தது. டோக்கியோ பயணம் உறுதியானதில் உன் அம்மாவைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி. "ஜப்பானிய மொழி தெரியாமல் அத்தனை மணி நேரம் உட்கார்ந்து கபுகி பார்த்தால் ஏதாவது புரியுமா மாமா?" என்று கேட்டிருந்தாய். புரியும். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று கதையைத் துரத்திக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேடையில் பேசப்படுவது பழைய மொழி; ஜப்பானியர்களிலேயே பலருக்கு அது முழுதாகப் பிடிபடாது. அதனால் அவர்கள் யாரும் வராமல் இருப்பதில்லை. வழக்கமாக வரும் ரசிகருக்குக் கதை மனப்பாடம். கதையில் குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை இன்றைக்கு இந்த நடிகர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்கத்தான் அவர் வருகிறார். இதே நடிகரின் அப்பா அதை எப்படிச் செய்தார், தாத்தா எப்படிச் செய்தார் என்பதும் அவர் நினைவில் இருக்கும். கபுகி நடிகனின் கலை. நாடக ஆசிரியன்கூட அங்கே இரண்டாம் இடத்தில்தான். இதை மனதில் இருத்திக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாகத் துலங்கும்.

இன்னொன்றும் கேட்டிருந்தாய்: நருட்டோ கார்ட்டூனில் ஜிரையா அறிமுகமாகும்போது, நீண்ட தலைமுடியைச் சிலுப்பிக் கையை நீட்டி ஒரு நிலையில் நிற்பானே, அது கபுகியில் இருந்து வந்ததா என்று. ஆமாம். ஜிரையா என்ற பெயரும், தவளை மாயவித்தையும்கூடப் பழையவைதான். 19ஆம் நூற்றாண்டுக் கதைப் புத்தகங்களில் புகழ்பெற்ற நாயகன் அவன். 1852இல் கவதாகே மொகுவாமி என்ற நாடக ஆசிரியர் அவனைக் கபுகி மேடைக்குக் கொண்டுவந்தார். நீ கார்ட்டூனில் பார்த்த அந்த நிலைக்கு மியே என்று பெயர். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மொழி தெரியாதவர்களுக்குக் கபுகியின் வாசல் அதுதான்.

காட்சி உச்சத்துக்கு வரும்போது நடிகர் அசைவுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். காலை அகட்டி ஊன்றுவார். ஒரு கை பின்னுக்குப் போகும், மறு கை முன்னே நீளும். பிறகு தலை ஒரு சுற்றுச் சுற்றிச் சட்டென்று நிற்கும். கண்கள் விரியும், சில சமயம் ஒரு விழி நேராக இருக்க மற்றொரு விழி மூக்கை நோக்கித் திரும்பியிருக்கும். அப்படியே உறைந்துவிடுவார். மேடையில் மற்ற எல்லாமும் அவரோடு நிற்கும். இப்போது பார்வையை மேடையின் வலது ஓரத்துக்குத் திருப்பு. அங்கே ஒருவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரு பலகை, கையில் இரண்டு மரக்கட்டைகள். நடிகரின் கால் விழும் கணத்திலும் தலை நிற்கும் கணத்திலும் அவர் பலகையில் தட்டுவார். ட்சுகே என்று சொல்லும் அந்த ஒலி இல்லாவிட்டால் மியே பாதிதான். நடிகருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டே அடிக்க வேண்டிய வேலை அது. கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் பிந்தினாலும் அந்த நிலை சரிந்துவிடும். நான் நான்காம் தளத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு நாள், பாதி நேரம் அந்த மனிதரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உறைந்த கணத்தில்தான் மேல்தளத்திலிருந்து ஒரு குரல் வரும்: "நரித்தாயா!" அல்லது "ஒத்தோவாயா!" அவை நடிகர் குடும்பங்களின் வீட்டுப் பெயர்கள். நரித்தாயா என்றால் இச்சிகாவா தஞ்ஜூரோ பரம்பரை. நம் ஊர்த் திரையரங்கில் நாயகன் முகம் தெரிந்ததும் விசில் பறக்குமே, அதற்கு உறவு இது என்று உனக்குத் தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம்: விசிலை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், இந்தக் குரலுக்கு இடம் உண்டு. வசனத்தின் நடுவே நடிகர் விடும் ஒரு மூச்சு இடைவெளி, ட்சுகேவின் கடைசி அடி விழுந்த மறுகணம், அவ்வளவுதான் அதற்குரிய நேரம். நாள்தோறும் பார்த்துப் பழகியவர்களே குரல் கொடுப்பார்கள். நீ முயற்சி செய்யாதே, கேட்டால் போதும்.

நீ படம் வரைகிறவள், அதனால் முக ஒப்பனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாப் பாத்திரங்களுக்கும் வண்ணக்கோடுகள் கிடையாது. அரகோதோ என்ற முரட்டு வீர பாணியில் வரும் நாயகர்கள், பெரும் வில்லன்கள், பேய்கள், ஆவிகள் ஆகியோருக்குத்தான் குமதோரி என்ற அந்த ஒப்பனை. முதலில் மெழுகு போன்ற ஒரு பசையைத் தேய்த்துப் புருவத்தைத் தட்டையாக்கிவிடுவார்கள். அதன்மேல் வெள்ளைப் பூச்சு. பிறகு தூரிகையால் கோடுகள். கோட்டின் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கும், மறு விளிம்பை விரல்நுனியால் மெல்லக் கலைத்துவிடுவார்கள். அந்தக் கலைப்பில்தான் உயிர் இருக்கிறது: தசை முறுக்கேறுவதும் ரத்தம் பாய்வதும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். சிவப்பு நேர்மைக்கும் வீரத்துக்கும்; நீலம் கொடுமைக்கு; பழுப்பு மனிதரல்லாதவற்றுக்கு. இதை ஒப்பனைக் கலைஞர் யாரும் செய்துவிடுவதில்லை. நடிகர் கண்ணாடி முன் உட்கார்ந்து தானே தன் முகத்தை வரைந்துகொள்கிறார். சில நேரம் ஆட்டம் முடிந்தபின் முகத்தின்மேல் பட்டுத்துணியை ஒற்றி எடுப்பார்கள். வியர்வையோடு கலந்த அந்த முகம் துணியில் பதிந்துவிடும். கண்காட்சியில் அப்படி ஒன்று கிடைத்தால் நின்று பார்.

மேடையில் நீ பார்த்திராத ஒன்று உண்டு: ஹனமிச்சி. அரங்கின் பின்புறத்திலிருந்து, பார்வையாளர்களின் நடுவே, மேடையின் இடப்பக்கம் வரை நீளும் நடைபாதை. முக்கியமான வருகையும் புறப்பாடும் அதன்மேல்தான். மேடைக்கு எட்டும் முன் ஓர் இடத்தில், மொத்த நீளத்தில் பத்தில் மூன்று பங்கு மிச்சமிருக்கும்போது, நடிகர் நின்றுவிடுவார். அங்கே பேசுவார், அல்லது மியே பிடிப்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கை நீட்டினால் அவர் உடை படும். அதே இடத்தில் தரையில் ஒரு சிறு பொறிக்கதவும் இருக்கிறது. ஆவிகளும் மாயாவிகளும் அதன் வழியாக மேலெழுவார்கள். சுழலும் மேடையும் இவர்களுடையதுதான்: 1758இல் ஒசாகாவில் நமிக்கி ஷோசோ என்ற நாடக ஆசிரியர் அதைக் கபுகியில் நிலைநாட்டினார். ஷிகோகு தீவில் கோதோஹிரா என்ற ஊரில் 1835இல் கட்டிய கனமாரு-சா அரங்கம் இன்றும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆட்டம் நடக்கும்போது, மேடைக்கு அடியில் ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ளித்தான் அந்த மேடையைச் சுழற்றுகிறார்கள்.

கறுப்பு உடையும் முகத்திரையும் அணிந்து குனிந்தபடி நடிகருக்குப் பின்னால் வந்து போகிறவர்களைப் பார்த்துக் குழம்பாதே. அவர்கள் குரோகோ. பொருளை எடுத்துத் தருவார்கள், நீண்ட காட்சியில் நடிகர் சாய்ந்துகொள்ளச் சிறு முக்காலியை நகர்த்துவார்கள். கறுப்பு என்றால் அங்கே யாரும் இல்லை என்று பொருள். பனிக்காட்சியில் வெள்ளை உடுத்துவார்கள், நீர்க்காட்சியில் நீலம். கபுகி எதையும் மறைக்க முயல்வதில்லை, மருமகளே. இது நாடகம், இவர் நடிகர், இது காகிதப் பனி என்று எல்லாவற்றையும் உன் கண்முன் வைத்துவிட்டுத்தான் உன்னை அழவைக்கிறது. பனி விழும் காட்சியில் காதைத் தீட்டிக்கொள். இடப்பக்க ஓரத்தில் கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இசைக்கலைஞர்கள் இருப்பார்கள். பெரிய முரசைத் துணி சுற்றிய கோலால் மெதுவாக, சீராகத் தட்டுவார்கள். உண்மையில் பனிக்கு ஓசையே கிடையாது. ஆனால் அந்த முரசைக் கேட்டபின், பனி விழுந்தால் இப்படித்தான் கேட்கும் என்று நம்பிவிடுவாய்.

இப்போது நீ கட்டாயம் கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்களே, ஏன்?

இந்தக் கலையைத் தொடங்கியவளே ஒரு பெண். 1603இல் கியோட்டோவில் காமோ ஆற்றின் வறண்ட படுகையில் இசுமோ நோ ஒகுனி என்பவள் தன் குழுவோடு ஆடினாள். இசுமோ பெருங்கோயிலைச் சேர்ந்தவள் என்பார்கள். ஆண் உடை தரித்து, வாள் ஏந்தி அவள் ஆடுவதைப் பழைய திரை ஓவியங்களில் காணலாம். ஊரே திரண்டது. விரைவில் வேறு பெண்கள் குழுக்களும் கிளம்பின. பாலியல் தொழிலும் கலந்தது. ஆட்டக்காரிகளுக்காகக் கைகலப்புகள் நடந்தன. 1629இல் ஷோகன் அரசு பெண்கள் மேடையேறுவதையே தடைசெய்தது. இளம் பையன்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அதே கலவரங்கள் தொடர்ந்தன, 1652இல் அவர்களுக்கும் தடை. இனி வயது வந்த ஆண்கள் மட்டும், அதுவும் முன்னந்தலையை மழித்துக்கொண்டு, ஆடலாம் என்றது அரசு. அழகைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் வழி இப்படி அடைபட்டது. மிஞ்சியது நடிப்பு ஒன்றுதான். கபுகி நாடகமாக முதிர்ந்ததற்கு இந்தத் தடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மழித்த நெற்றியை மறைக்க நடிகர்கள் வைத்துக்கொண்ட ஊதாத் துணியை இன்றும் சில பெண் வேடங்களில் பார்க்கலாம்.

பெண் வேடம் ஏற்பவரை ஒன்னகதா என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஷிசாவா அயாமே என்ற பெரும் ஒன்னகதா, வீட்டிலும் பெண்ணாகவே வாழாவிட்டால் மேடையில் பெண்ணாக முடியாது என்று சொல்லிவைத்தார். ஒப்பனை அறையில் சாப்பிடும்போதுகூடக் கவனமாக இருக்க வேண்டும் என்றார். நம் காலத்தில் ஐந்தாம் பாந்தோ தமாசபுரோ. 1950இல் பிறந்தவர். கபுகிக் குடும்பத்தில் பிறக்கவில்லை. சிறுவயதில் போலியோ தாக்கியதால் உடல் தேறுவதற்காக நடனம் கற்கத் தொடங்கினார். பிறகு ஒரு கபுகிக் குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. 2012இல் வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றார். நல்ல உயரமான மனிதர். தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்துத் தாழ்த்தி, முழங்கால்களை ஒட்டிச் சற்றே மடக்கி அவர் நிற்கும்போது, அந்த உயரம் எங்கே போயிற்று என்று தேடுவோம். அவருடைய "நாரை மங்கை" நடனத்தின் காணொளியைத் தேடிப் பார். வெள்ளை உடையில் நிற்பவர் ஒரே கணத்தில் சிவப்புக்கு மாறுவார். மேலாடையைத் தடித்த நூலால் இழையோட்டி வைத்திருப்பார்கள். உதவியாளர் பின்னாலிருந்து நூல்களை உருவி, சரியான தாளத்தில் இழுத்துவிடுவார்.

இதையெல்லாம் வியந்து சொன்னாலும் ஒன்றை மழுப்ப எனக்கு மனமில்லை. சட்டத் தடை மெய்ஜி காலத்திலேயே விலகிவிட்டது. இருந்தும் பெரிய கபுகி அரங்குகள் இன்றும் ஆண்களின் மேடையாகவே இருக்கின்றன. ஒரு பெண் தொடங்கிய கலையில், ஒரு நடிகரின் மகள் எவ்வளவு திறமை உள்ளவளானாலும் அப்பாவின் பெயரை ஏற்க முடிவதில்லை. அது அநியாயம்தான். ஒன்னகதாவின் கலை உயர்ந்தது என்பதால் அந்த அநியாயம் சிறிதாகிவிடாது. இரண்டையும் தெரிந்துகொண்டே நீ பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு நாடகம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? "கஞ்சின்ச்சோ" நடந்தால் வேறு யோசனையே வேண்டாம். 1840இல் ஏழாம் தஞ்ஜூரோ முதன்முதலில் மேடையேற்றியது. நோ என்ற பழைய நாடக வகையைச் சேர்ந்த நாடகம் ஒன்றைத் தழுவியது என்பதால் மேடையும் நோ மேடை போலவே இருக்கும்: பின்னால் ஒரு பெரிய பைன் மரம் தீட்டிய சுவர், அதன் முன் வரிசையாக ஷாமிசென் என்ற தந்திக் கருவி வாசிப்பவர்களும் பாடகர்களும். வேறு ஒன்றுமில்லை.

12ஆம் நூற்றாண்டின் இறுதி. போரை வென்று தந்த யோஷிட்சுனேவை அவனுடைய அண்ணனே கொல்லத் தேடுகிறான். யோஷிட்சுனேவும் அவனுடைய ஆட்களும் வடக்கே தப்பியோடுகிறார்கள்: ஆட்கள் மலைத்துறவி வேடத்தில், யோஷிட்சுனே சுமைகூலியாக. கூட வருபவன் பென்கெய், மலை போன்ற வீரன், விசுவாசத்தின் வடிவம். அதாகா என்ற சோதனைச்சாவடியில் காவலன் தொகாஷி மறிக்கிறான். நாராவில் உள்ள தோதாய்ஜி கோயிலை மீண்டும் கட்ட நன்கொடை திரட்டுகிறோம் என்கிறான் பென்கெய். அப்படியானால் நன்கொடை ஓலையை வாசி என்கிறான் தொகாஷி. ஓலை எங்கே இருக்கிறது? பென்கெய் கையிலிருந்த வேறு ஏதோ ஒரு சுருளை விரித்து, மனதிலிருந்தே, கோயில் பாஷையில், தயங்காமல் வாசிக்கிறான். தொகாஷி மெல்ல அடியெடுத்து வைத்துச் சுருளுக்குள் எட்டிப்பார்க்க முயல்கிறான். பென்கெய் சட்டென்று சுருளை மறைத்துத் திரும்புகிறான். இருவரும் உறைகிறார்கள். இந்த இடத்தில் நீ தமிழ் மட்டுமே தெரிந்தவளாக இருந்தாலும் உன் கை இருக்கையின் பிடியை இறுக்கியிருக்கும்.

தப்பித்தோம் என்று நினைக்கும்போது ஒரு காவலாள் சுமைகூலியைச் சந்தேகிக்கிறான். பென்கெய் தன் தடியை எடுத்துக் கூலியை அடிக்கிறான். உன்னால்தான் எல்லாத் தாமதமும் என்று திட்டி அடிக்கிறான். தலைவனை அடிப்பது அந்த உலகத்தில் மன்னிப்பே இல்லாத பாவம். தொகாஷிக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது: இவன் யார், அடிபடுகிறவன் யார், அடிப்பவன் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று. தெரிந்தும் போகவிடுகிறான். அதற்கான தண்டனை தன் உயிர் என்பதும் அவனுக்குத் தெரியும். இது எதையும் அவன் வாயால் சொல்வதில்லை. முகத்தை மேலே நிமிர்த்திக் கண்ணீரை அடக்கிக்கொண்டு உள்ளே போவான். அந்த ஒரு நிமிர்தலில் தொகாஷி நடிகர் யார் என்று தெரிந்துவிடும். எல்லாரும் பென்கெய்யைப் புகழ்வார்கள். எனக்கு இந்த நாடகத்தின் இதயம் தொகாஷிதான்.

கடைசியில் திரை மூடிவிடும். ஹனமிச்சியில் பென்கெய் மட்டும் திரைக்கு வெளியே நிற்பான். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அவன் குனிந்து வணங்கி, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தாவித் தாவி, கைகளை வீசியெறிந்து, அரங்கின் நடுவே பாய்ந்து வெளியேறுவான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கனத்த உடையில் வசனமும் வாதமும் நடனமும் முடித்த மனிதனின் உடம்பு அது. ஒன்பதாம் மட்சுமோத்தோ கோஷிரோ இந்த வேடத்தை 1000ஆவது முறையாக 2008இல் தோதாய்ஜி கோயில் வளாகத்திலேயே ஆடினார். 2018 ஜனவரியில் அவர் தன் பெயரை மகனுக்குத் தந்துவிட்டுத் தான் ஹாகுஓ என்ற பெயர் ஏற்றார். அந்த மாதம் டோக்கியோவின் கபுகிசா அரங்கில் புதிய கோஷிரோ பென்கெய்யாக ஆட, யோஷிட்சுனேவாக வந்தது அவருடைய மகன், 12 வயதுப் பையன். நாடகத்தில் தலைவனை அடிக்கும் பென்கெய், மேடையில் தன் மகனை அடிக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது அத்தனையையும்தான். பெயர் கைமாறுவது இவர்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விழா என்பது இதிலிருந்து உனக்கு விளங்கும்.

"கானதெஹோன் சூஷிங்குரா" நடந்தாலும் விட்டுவிடாதே. தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 வீரர்களின் கதை. 1701 முதல் 1703 வரை உண்மையில் நடந்தது. நடப்பு விவகாரங்களை மேடையில் பேசக் கூடாது என்று அரசு தடுத்ததால், 1748இல் கதையை 14ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளி, பெயர்களை மாற்றி, முதலில் பொம்மலாட்டமாக எழுதினார்கள். யாரும் ஏமாறவில்லை, எல்லாருக்கும் தெரியும் யாரைப் பற்றியது என்று. நான்காம் காட்சியில் தலைவன் வயிற்றைக் கிழித்துச் சாக ஆயத்தமாகிறான், தன் முதன்மை வீரன் இன்னும் வரவில்லையே என்று காத்திருக்கிறான். பேச்சு மிகக் குறைவு. அந்தக் காட்சி நடக்கும்போது அரங்குக்குள் யாரையும் நுழையவிடாத வழக்கம் இருந்தது. தாமதமாகப் போகாதே.

நடைமுறை விஷயங்கள். கபுகிசா அரங்கம் டோக்கியோவில் கின்சா பகுதியில் இருக்கிறது. 1889இல் திறந்தது, தீ, நிலநடுக்கம், 1945 குண்டுவீச்சு எல்லாவற்றுக்கும் பலியாகித் திரும்பத் திரும்ப எழுந்தது. இப்போதைய கட்டடம் 2013இல் திறந்தது. மாதந்தோறும் நிகழ்ச்சி மாறும். பகல் ஆட்டம், மாலை ஆட்டம் என்று தனித்தனி டிக்கெட். முழு நிகழ்ச்சி உனக்கு நீளம் என்றால், ஒரே ஒரு நாடகத்துக்கு மட்டும் நான்காம் தளத்தில் மலிவாக இடம் கிடைக்கும். அங்கிருந்து ஹனமிச்சி முழுவதும் தெரியாது, ஆனால் குரல் கொடுப்பவர்கள் உன் பக்கத்திலேயே இருப்பார்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போ. இடைவேளையில் இருக்கையிலேயே பென்டோ என்ற பெட்டிச் சாப்பாட்டைச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படம் எடுக்கக் கூடாது. பார்த்ததை வெளியே வந்து வரைந்துகொள்.

நீ போகும் மாதத்துக்கான நாடகப் பட்டியல் வெளியானதும் எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றின் கதையையும், எந்த இடத்தில் கண்ணைச் சிமிட்டக் கூடாது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா